மோதிரம் ஏறாத நான்கு நாட்கள்

1

வியாழக்கிழமை காலை இடது தோளில் அக்கிக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு ஊசி இருப்பதே ஊரில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். நம் பக்கம் அக்கி கண்டால் பானை வனையும் வேளார் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து உடம்பில் எழுதிக்கொண்டு வருவார்கள். எங்கள் அப்பா பசுமலையில் மிஷன் பள்ளி வாத்தியார், சபைக் கமிட்டியிலும் இருந்தவர். அவருக்கே ஒருமுறை ஆயருக்குத் தெரியாமல் முதுகில் எழுதினார்கள். பிறகு அதைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்கு முடக்குவாதம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தன் மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய் அது. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரைதான் இத்தனை நாள் அதை அடக்கி வைத்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அது போதவில்லை. மூட்டு மருத்துவர் வேறு மாத்திரை தருவதாகச் சொன்னார். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுதல், ஆகவே முதலில் தடுப்பூசி என்றார்.

சொன்னாரே ஒழிய அவர் போடமாட்டார். குடும்ப மருத்துவர்தான் போட வேண்டும். குடும்ப மருத்துவரின் முன்மேசைப் பெண்மணிக்கு, எனக்கு இன்ன நோய் இருக்கிறது என்று மூட்டு மருத்துவரின் கடிதம் வேண்டும். கடிதம் ஃபேக்ஸில் அனுப்பப்பட்டது. பழைய எண்ணுக்குப் போய்விட்டது. நான் குடியேறிய இந்த நாட்டில் கார் தானாகவே இடம் பார்த்து நிற்கிறது, மருத்துவரின் கடிதம் மட்டும் இன்னும் ஃபேக்ஸில்தான் போகிறது. நெக்கர் நதிக்கரையில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அந்தக் கடிதம் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று.

ஊசி போட்டு முடித்ததும் குடும்ப மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்து சொன்னார். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. தோள் வலிக்கும், காய்ச்சலும் அசதியும் இருக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்குச் சில நாள் மூட்டுகள் கூடுதலாக வீங்கவும் செய்யலாம். பயப்படாதீர்கள், வாராந்திர மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஒரு வாரம் தாண்டியும் வீக்கம் போகவில்லை என்றால் வாருங்கள்.

சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த நாலு வாக்கியத்தை என் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமையோடு அவள் இறந்து ஓராண்டு.

2

இரவில் மோதிரத்தைக் கழற்றி ஒரு சிறு தட்டில் வைப்பதும், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் போட்டுப் பார்ப்பதும் என் பழக்கம். இடது மோதிர விரலின் கணுவைத் தாண்டி ஏறினால் அன்று வேலை செய்யலாம் என்று அர்த்தம். நான் ஒரு தொழிற்சாலையின் அளவுக்கூடத்தில் இருக்கிறேன். இயந்திர உறுப்புகளை நுண்ணளவி கொண்டு அளந்து, சரி அல்லது தள்ளு என்று முடிவு சொல்வது என் வேலை. விரல் மரத்தால் அந்த வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை மோதிரம் கணுவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. காய்ச்சலும் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷைக் கைமுட்டிக்குள் குழந்தைபோல் பிடித்துத் துலக்கினேன். தேநீரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தேன். முடக்குவாதக்காரர்கள் விரலை மடக்க முடியாத நாளில் இப்படித்தான் பிடிப்போம். தெரிந்த கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

வேலைக்கு வரமுடியாது என்று மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். இந்த நாட்டு மொழியில் ஊசி போட்டார்கள் என்பதற்கும் திட்டினார்கள் என்பதற்கும் நடுவில் ஒரே ஓர் ஒலிதான் கூடுதல். இருபத்திரண்டு வருடம் பேசிய நாக்கு, காய்ச்சலில் அந்த ஒலியைச் சேர்த்துவிட்டது. நேற்று என்னைத் திட்டினார்கள், அதனால் இரண்டு கையும் வீங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவர் மிகவும் அக்கறையாக, திட்டியது யார், தொழிலாளர் குழுவிடம் புகார் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த அறையில் இருந்த என் மகள் லீனா அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு வந்து தொலைபேசியை வாங்கி, இந்த ஊரில் பிறந்தவர்களின் வேகத்தில் விளக்கினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. என்னை அவள் 'இவர்' என்று குறிப்பிட்டுப் பேசியதையும், என் நோயை என்னைவிடச் சரியான சொற்களில் சொன்னதையும் கேட்டபடி நின்றிருந்தேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் காலை முறை வேலைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்திருப்பார்கள்.

3

அக்கா பெயர் ஞானசெல்வி. என்னைவிட மூன்று வயது மூத்தவள், பசுமலையிலேயே ஒரு பள்ளியில் தையல் டீச்சர். சிக்குன்குனியா மதுரையையே படுக்கப் போட்ட சமயத்தில் அவளுக்கும் வந்தது. மற்றவர்களுக்குச் சில மாதத்தில் வலி போயிற்று, அவளுக்கு மட்டும் போகவில்லை. ஆனால் ஊரில் அதற்குள் மூட்டு வலிக்கெல்லாம் அந்த ஒரே பெயர் நிலைத்துவிட்டது. பல வருடம் நிலவேம்புக் கஷாயம் குடித்தாள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்று பெயர் சொல்லி, நான் சாப்பிடும் அதே வாராந்திர மாத்திரையைக் கொடுத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிடுவாள். திங்கட்கிழமை குமட்டும். ஆனால் கை திரும்பக் கிடைத்தது.

பிறகு கொரோனா வந்தது, தடுப்பூசி வந்தது. பள்ளிக்கூட ஹாலில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டாள். காய்ச்சல் வந்தால் சாப்பிட இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவு கூட்டத்தில் இன்னாருக்கு இன்ன நோய் என்று யார் கேட்டுக்கொண்டிருக்க முடியும். மறுநாள் விடிந்தபோது அவளால் கட்டிலில் எழுந்து உட்கார முடியவில்லை. கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வீங்கியிருந்தன. எனக்கு இப்போது வந்திருப்பதேதான், கொஞ்சம் அதிகம். விட்டிருந்தால் சில நாளில் வற்றியிருக்கும்.

விடவில்லை. மச்சான், அதாவது அக்காவின் கணவர், மெயின் ரோட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு செட்டு வாங்கி வந்தார்.

செட்டு என்றால் உங்களுக்குத் தெரியும், லீனாவைப் போன்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, தலைவலிக்கு ஒரு செட்டு, மூட்டு வலிக்கு ஒரு செட்டு. கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து, வயதைக் கேட்டு, அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, டப்பாவிலிருந்து உதிரியாகவும் ஒன்றிரண்டு போட்டு, தாளில் மடித்துக் கொடுப்பார். நாலு மாத்திரை, நாலு நிறம். எதற்கும் பெயர் இருக்காது. சீட்டும் கிடையாது, ஃபைலும் கிடையாது, வரிசையும் கிடையாது.

அக்கா அன்று இரவு ஒரு செட்டு, காலையில் ஒரு செட்டு போட்டாள். மத்தியானம் மாடிப்படி ஏறினாள். அன்றோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது: பழி ஊசிக்கு, பேர் செட்டுக்கு. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் அவளுடைய வாராந்திர மாத்திரையின் பெயரைப் போனில் போட்டுப் பார்த்து, இது புற்றுநோய் மருந்தாச்சே என்று சொல்லிவிட்டார். அதிக அளவில் அதற்கும் கொடுப்பார்கள்தான், மூட்டுக்குக் கொடுப்பது சிறு அளவு. மாத்திரையை நிறுத்தினாள், செட்டு மட்டும் தொடர்ந்தது. குமட்டலும் போயிற்று.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு நல்ல செய்தியை மட்டும் அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு வந்தது ஒரு வீடியோ. வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு முழுச் சுற்று நடந்து முடித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறாள்.

"பாருடா தம்பி, ரெண்டே விரல்ல. கையில கெடந்த பேயி எங்கிட்டோ போயிருச்சு."

நான் அந்த வீடியோவை லீனாவுக்குக் காட்டினேன். அத்தை அழகாக இருக்கிறார் என்றாள். உண்மைதான். முகம் நிலா மாதிரி வட்டமாகி இருந்தது.

4

சபையில் எல்லோரும் அதையே சொன்னார்களாம், ஞானம் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டாள் என்று. பிறகு சர்க்கரை வந்தது. பிறகு குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போன வருடம் இருமலும் காய்ச்சலும் வந்தபோது, காய்ச்சலுக்கும் ஒரு செட்டு வாங்கி இரண்டு நாள் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டரம்மா, இவங்க என்னென்ன மருந்து எடுக்குறாங்க என்று கேட்டிருக்கிறார். மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் மடிப்பை எடுத்துப் பிரித்து நீட்டியிருக்கிறார். அந்த டாக்டரம்மா நாலு மாத்திரையையும் உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெயர் கேட்டால் சொல்ல யாரும் இல்லை.

அவள் போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னது அன்று மாலை. நான் போய்ச் சேர்ந்தது அடக்கத்தன்று காலை.

வீட்டு முன்னால் போட்ட பந்தலின் கீழ் காபி வந்தபோது, ஊசி போட்டதில் இருந்தே ஞானத்துக்குச் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். கல்லறையிலிருந்து திரும்பி வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஊசிதான் கொண்டுபோனது என்று ஆகிவிட்டது. நான் செட்டைப் பற்றிக் கேட்டேன். மச்சான் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, செட்டு இல்லாவிட்டால் அவள் அப்போதே படுத்த படுக்கை ஆகியிருப்பாள், அந்த நாலு மாத்திரைதான் அவளை இத்தனை நாள் நடமாட விட்டது என்றார்.

மறுநாள் அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அக்காவுக்குக் கொடுத்த செட்டில் என்ன இருந்தது என்று கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணம். கடைக்காரர் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். அக்காவின் பெயரைச் சொன்னதும் உண்மையாகவே கண் கலங்கினார். தங்கமான டீச்சர், வந்தால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள் என்றார். பேசிக்கொண்டே என் விரல்களைப் பார்த்துவிட்டார். நான் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன் அவர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"அண்ணே, உங்களுக்கும் இருக்கு போலயே. சுகர் இருக்கா? இல்லைல்ல? ஒரு செட்டு போட்டுப் பாருங்க. ஊருக்குப் போறப்ப ஓடிப்போயி பிளைட்டு ஏறுவீங்க."

தாளை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக, சிறியதாக இருந்த ஒன்றை எனக்கு நன்றாகவே தெரியும். ஸ்டீராய்டு. வலியை உடனே அமுக்கும், கண்காணிப்பில்லாமல் நாள்பட எடுத்தால் முகம் உருளும், சர்க்கரை ஏறும், எலும்பும் நோயை எதிர்க்கும் பலமும் குறையும். நோய் கடுமையாக இருந்த ஆரம்ப நாட்களில் இங்கே என் மருத்துவரும் கொடுத்திருக்கிறார். ரத்தம், சர்க்கரை, எலும்பு எல்லாம் பார்த்து, சில வாரம் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். திடீரென்று விட்டுவிடக் கூடாது என்று பலமுறை எச்சரித்தார். அது விஷம் இல்லை. யாரிடம் இருக்கிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதுதான் அக்காவைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. வயது, சர்க்கரை, நுரையீரல் எல்லாம் சேர்ந்திருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன ஆட்கள் அந்தப் பந்தலில் போதுமான அளவு இருந்தார்கள், நானும் ஒருவனாகச் சேர வேண்டியதில்லை. ஊசி இல்லை என்று மட்டும் சொல்வேன். ஊசி செய்தது ஒரு வாரத்து வீக்கம். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்கவிடாமல் செய்தது வேறு.

5

சனிக்கிழமை ஊரில் நினைவு ஜெபக்கூட்டம், நான் வீடியோ அழைப்பில் கலந்துகொண்டேன். யாரோ போனை ஒரு பூச்சாடியின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்கு ஆயரின் பாதி முகமும் அக்கா படத்தின் மாலையும் வாசல் நிலையும் தெரிந்தன. இங்கே காலை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். நடுவில் லீனா குறுக்கே வந்து, திரையைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கிளம்பிப் போனாள். அவளுக்கு அங்கே யாரையும் அடையாளம் தெரியாது.

ஜெபம் முடிந்து காபி கொடுத்தார்கள். அக்காவின் மகள் பிரிசில்லா, நாங்கள் பிரிசி என்று கூப்பிடும் பெண், நிலையில் சாய்ந்து நின்று குடித்தாள். இருபத்தேழு வயது, பக்கத்துத் தனியார் பள்ளியில் டீச்சர். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தாள். விரல்கள் டம்ளரைத் தொடவே இல்லை.

நான் அவளைக் கூப்பிடச் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"டம்ளர எதுக்கு ரெண்டு கையாலயும் பிடிக்கிற?"

"சூடா இருந்துச்சு மாமா."

"சூடா இருந்தா யாரும் உள்ளங்கையில வச்சுப் பிடிக்கமாட்டாங்க, பிரிசி."

அவள் மெதுவாகச் சொன்னாள். காலையில் மட்டும்தான், பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. போர்டில் எழுதும்போது சாக்பீஸ் நழுவுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டு மூன்று மாதமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னதற்கு, சிக்குன்குனியாவாக இருக்கும் என்றாராம்.

திங்கட்கிழமையே பெரியாஸ்பத்திரிக்குப் போ, அம்மாவுக்கு வந்ததுதான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கை கோணாமல் காப்பாற்றலாம் என்றேன். அதற்குள் மச்சான் பின்னால் வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, வர்ற வியாழக்கிழமை கல்லுப்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வாராங்க. இப்பப் போயி சீட்டு, பைலுன்னு பெரியாஸ்பத்திரி வரிசையில நின்னா, தெரிஞ்சவன் ஒருத்தன் பாக்கமாட்டானா? அம்புட்டுத்தான், முடிஞ்சு போச்சு."

"கை கோணிருச்சுன்னா அப்பவும் தெரியத்தான செய்யும் மச்சான்."

"அதப் பெறகு பாப்போம். மொத மாத்திரை குடுப்பாங்க, பெறகு அந்த ஊசி போடு இந்த ஊசி போடுன்னுவாங்க. இவ ஆத்தாளுக்கு ஊசி போட்டுப் பட்டது பத்தாதா? நீ அங்கிட்டு உக்காந்துக்கிட்டு லேசாச் சொல்லிருவ."

நானும் முந்தாநாள்தான் ஊசி போட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்ட பிறகுதான், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பிரிசி போனைத் திரும்ப வாங்கினாள்.

"நெசமாவா? கையக் காட்டுங்க மாமா."

என் கை மேசைக்குக் கீழே இருந்தது. காட்டினால் அவள் பயம் உறுதியாகும். காட்டாவிட்டால் நான் சொல்லும் எதையும் இனி அவள் நம்ப வேண்டியதில்லை. அளவுக்கூடத்தில் நாங்கள் உறுப்பை மறைத்துவைத்து முடிவு சொல்வதில்லை. எடுத்துக் காட்டினேன். கணுக்கள் பளபளத்துச் சிவந்திருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"இதேதான். ஆனா இது சில நாள்ல தானா வத்திரும். செட்டு இல்லாம."

"வத்தலைன்னா?"

"வத்தலைன்னா உங்கப்பா சொல்றதக் கேட்டுக்க."

மோதிரம் ஏறுகிற அன்று வற்றிவிட்டது என்று அர்த்தம் என்றேன். அவள், வற்றிவிட்டால் மோதிரத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினால் பெரியாஸ்பத்திரிக்குப் போவதாகவும், கல்லுப்பட்டிக்காரர்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றும் சொன்னாள். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போகக்கூடாது என்று கேட்டேன்.

"நான் கடைக்குப் போகமாட்டேன் மாமா. சத்தியமா."

6

ஞாயிற்றுக்கிழமை மோதிரம் ஏறவில்லை.

இத்தனை வருடத்தில் என் கையை நான் எரிச்சலோடு பார்த்திருக்கிறேன், வெட்கத்தோடு பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல் பார்த்தது இதுவே முதல் தடவை. இன்னொருத்தியின் கைக்காக என் கை வற்ற வேண்டியிருந்தது. காய்ச்சல் போயிருந்தது. தோள் வலியும் இல்லை. விரல்கள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஞாயிறு இரவு வாராந்திர மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமையும் வேலைக்குப் போக முடியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரின் சீட்டு வேண்டும், நடுவில் வரும் சனி ஞாயிறும் கணக்கில் சேரும். ஆகவே ஊசி போட்ட அதே இடத்துக்கு, ஊசியால் கை வீங்கியது என்று சீட்டு வாங்கப் போனேன். முன்மேசைப் பெண்மணி திரையைப் பார்த்தபடி கேட்டார்: ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா? இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறதாம். ஏதாவது ஒன்றைத்தான் போட முடியுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பசுமலைப் பந்தலில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவர்களுக்கு ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம்தான் தேவைப்பட்டது. இங்கே அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். மருத்துவர் வெளியே வந்து, இரண்டாலும்தான், நாளைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு குறியீட்டைத் தட்டச் சொன்னார்.

இரவில் லீனா, பிரிசியைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். அத்தை எதனால் இறந்தார் என்றும் கேட்டாள். போன வருடம் நான் தனியாகப் போய்வந்தபோது அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆரம்பித்தேன். செட்டு என்பதற்கு அவளுடைய மொழியில் சொல் இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு வாக்கியம் வரவில்லை. கடைசியில் அவள் கேட்டாள், அத்தை ஏன் தன் மருத்துவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?

நியாயமான கேள்வி. இந்த ஊரில் பிறந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. பெரியாஸ்பத்திரிக்குப் போக டீச்சர் ஒரு நாள் லீவு போட வேண்டும், விடிவதற்குள் கிளம்ப வேண்டும், கால் வீங்கியவள் வரிசையில் நிற்க வேண்டும், மெடிக்கல் ஷாப் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். தூங்கப் போ என்று மட்டும் சொன்னேன்.

7

செவ்வாய்க்கிழமை காலை மோதிரம் கணுவில் கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறியது. தட்டுக்குப் பக்கத்திலேயே சிறிது நேரம் நின்றேன். கழற்றி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஏறியது.

வேலைக்குப் போனேன். நுண்ணளவியை இரண்டு விரலால் திருக முடிந்தது. மேற்பார்வையாளர் வந்து, யாரும் திட்டவில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார். இனி ஓய்வு பெறும்வரை அவர் இதைக் கேட்பார்.

மதிய இடைவேளையில் ஊருக்குப் பேசினேன். அங்கே பிரிசி பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பியிருக்கும் நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சமையலறையில் இருந்தாள், போனை அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டினேன். மோதிரத்தை விரலில் ஒரு சுற்று சுற்றினேன். அவள் முகம் மலர்ந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

"நல்லா வத்திருச்சே மாமா. நீங்க சொன்னது மாதிரியே."

"சொன்னேன்ல. எப்ப ஆஸ்பத்திரிக்குப் போற?"

"எனக்கும் வத்திருச்சு மாமா." கையைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "பாருங்க, எம்புட்டு லேசா மடங்குது."

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். அழகான கை. அக்காவின் கை.

"கடைக்குப் போகமாட்டேன்னியே."

"நான் போகல மாமா. அப்பாதான் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டே செட்டு. ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு. இன்னைக்கு போர்டு நெறைய எழுதுனேன், ஒரு தடவ கூட சாக்பீசு விழல."

பெரியாஸ்பத்திரியைப் பற்றி மறுபடி கேட்டேன். வலியே இல்லாமல் போய் என்னத்தைக் காட்டுவது என்று அவளும் கேட்டாள். வியாழக்கிழமை முடியட்டும், பிறகு கட்டாயம் போகிறேன் என்றாள். உள்ளேயிருந்து மச்சானின் குரல், மாப்ளயா, சாப்பிட்டாச்சான்னு கேளு என்றது. நான் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். வீட்டில் இன்னும் எத்தனை மடிப்பு இருக்கிறது என்று கேட்டேன். அதை அவள் காதில் வாங்கவில்லை.

"இருங்க மாமா, காபி ஆறுது. குடிச்சுக்கிட்டே பேசுறேன்."

அடுப்பு மேடையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். ஆறவெல்லாம் இல்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது. விளிம்பில், இரண்டே விரலால் பிடித்திருந்தாள்.